ராவுத்தரைச் சுடவேண்டிய வாரம்

இருந்தவர்கள் மூவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஊராருக்கு மனுவும் கடிதாசியும் எழுதிக் கொடுத்து, மிச்ச நேரத்தில் ‘நேட்டால் ஒற்றன்’ என்ற யுத்த நாவலை மதுரைப் பத்திரிகைக்கு வாராவாரம் எழுதிவந்த வைகுண்டராஜ், ஜன்னலோரம் மேஜைக்குப் பின்னால். ராஜபாளையத்துப் பஞ்சு வியாபாரி பீர் மைதீன் ராவுத்தர், எதிர் நாற்காலியில், பாதி உட்கார்ந்தும் பாதி எழுந்தும். அவர் மகளைக் கட்டிக்கொள்ளக் கொழும்பிலிருந்து கப்பலேறி வந்திருந்த சுந்தரபாண்டியத்து அகமது கபீர், வாசலை மறைத்துப் போட்ட பெஞ்சில், தாடிக்குப் போட்ட கறுப்புச் சாயம் சட்டையில் இறங்கிக்கொண்டிருக்க. தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் யுத்தம் தொடங்கி இரண்டாம் வருஷம்.

பீர் மைதீன்: ...அதெல்லாம் ஒத்துக்க மாட்டேன் அண்ணாச்சி. என்னையச் சுடக்கூடாது. அம்புட்டுதான் விசயம்.

வைகுண்டராஜ்: உம்மை யாரு சுட்டா? நான் சுடப்போறது மீர் பைதீனை.

பீர் மைதீன்: எழுத்தை இடம் மாத்திப் போட்டா ஆளு மாறிருமா? அவனும் பஞ்சு யாவாரி. அவனுக்கும் இடது காதுல வெட்டு. அவனும் வாயைத் தொறந்தா ‘அம்புட்டுதான் விசயம்’ங்கான்...

வைகுண்டராஜ்: நிஜ மனுஷனைப் பாத்து எழுதினாத்தான் நாவலுக்கு உயிர் வரும்.

கபீர்: உயிர் வரட்டும் அண்ணாச்சி, போக வேண்டாம். மாமாவைக் காப்பாத்திருங்க!

வைகுண்டராஜ்: செத்த இரும்... யாரு யாருக்கு மாமா?

பீர் மைதீன்: அவரு எனக்கு மருமகனாக்கும். வார வியாழக்கிழமை நிக்காஹ்.

வைகுண்டராஜ்: ஓ... நான் மாத்தி நெனச்சுட்டேன்.

கபீர்: கடல் காத்து அண்ணாச்சி. முடி நரைச்சுருது. வயசு முப்பதுதான்.

வைகுண்டராஜ்: பல்லு கொட்டினதும் கடல் காத்துலயா...?

பீர் மைதீன்: அண்ணாச்சி!

வைகுண்டராஜ்: சரி, சரி. கதையில ஒருத்தன் சாவான். அதுக்கும் இவரு கல்யாணத்துக்கும் என்னய்யா?

பீர் மைதீன்: எங்க ஊரு சங்கதி உமக்குத் தெரியாது. அவனுக்குக் காய்ச்சல்னு ஒரு வாரம் எழுதினீரு. எங்க வீட்டுக்குச் சட்டி சட்டியா கஞ்சி வந்துச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன்னா, ‘ஒற்றன்னா அப்படித்தான் மறைப்பாவ’ன்னு குடிக்க வச்சுட்டுப் போறாவ. பொறவு அவனைப் பிடிச்சு ஜெயில்ல போட்டீரு. பஞ்சுப்பேட்டையில ஒருத்தன் என்னையக் கட்டிப்பிடிச்சு, ‘எப்ப விட்டாவ?’ங்கான்.

கபீர்: எங்கம்மாவும் அப்படித்தான். பத்திரிகை புதன்கிழமை வருது. அதுல மாமா மௌத்தாயிட்டா, அது மௌத்து விழுந்த வீடு. நாப்பது நாள் கழியாம நிக்காஹ் கிடையாதுன்னுட்டாவ.

வைகுண்டராஜ்: மாமா இந்தா உக்காந்திருக்காரே!

கபீர்: அதத்தான் நானும் சொன்னேன். ‘அச்சுல போட்டதை நம்பவா, உன்னைய நம்பவா’ங்காவ. எனக்கு வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில கப்பல். போனா மூணு வருசம் கழிச்சுத்தான் வர முடியும்.

வைகுண்டராஜ்: அப்ப வயசு முப்பத்திமூணாயிருமே.

கபீர்: அதான் அண்ணாச்சி பயமா இருக்கு.

பீர் மைதீன்: கேட்டீரா? மாப்பிள்ளை முகத்தைப் பாரும். ஈரமே இல்லையா உமக்கு?

வைகுண்டராஜ்: சரித்திரம்னு ஒண்ணு இருக்கு ராவுத்தரே. இந்த மாதிரி ஒரு யாவாரி, படை நகர்ற சேதியைச் சரக்கு மூட்டைக்குள்ள ஒளிச்சுக் கடத்தி, பிடிபட்டுச் செத்தான்னு தந்திச் சேதி வந்தது. அதை வச்சுத்தான் நான் கதை கட்டினேன். அவன் செத்துட்டான். நான் எப்படிப் பிழைக்க வைக்க?

கபீர்: ஒரு வாரம் தள்ளிச் சாகட்டுமே...

வைகுண்டராஜ்: எப்படித் தள்ள? போன வாரம் சிப்பாய்க துப்பாக்கியைத் தூக்கிக் குறி பாத்ததோட நிறுத்தியிருக்கேன். ஒரு வாரம் முழுக்கத் தூக்கிக்கிட்டே நிப்பானுவளா? கை கடுக்காது?

கபீர்: அப்ப... சுடட்டும். பஞ்சுப் பொதியில படட்டும். மாமா பொதிக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிடட்டும்.

பீர் மைதீன்: நல்ல யோசனை மாப்பிள்ளை! நம்ம பொதி கெட்டியா இருக்கும்.

வைகுண்டராஜ்: பஞ்சு யாவாரி நீரே சொல்லும். அந்தக் காலத்து வெடியா அது? பொதியைத் துளைச்சு, உம்மையும் துளைச்சு, பின்னால நிக்கிற மாட்டையும் துளைக்கும்.

கபீர்: துளைச்சாத்தான் என்ன? எங்க பெரியத்தா ஒரு குண்டை விலாவுல வச்சுக்கிட்டே ஆறு பிள்ளை பெத்தாவ. ஒரு குண்டுக்கு ஆளு சாகணும்னு இல்ல.

வைகுண்டராஜ்: ஒண்ணு இல்ல. மூணு. நெஞ்சுல.

பீர் மைதீன்: மூணா? ஒண்ணுன்னுதானே...

வைகுண்டராஜ்: ராவுத்தரே! தண்ணி குடிக்கீரா?

பீர் மைதீன்: ...ஒண்ணுன்னா தாங்கிருவேன்னு சொல்ல வந்தேன். மூணுன்னா எப்படி?

கபீர்: அண்ணாச்சி, கெஞ்சிக் கேக்கேன். நேட்டால் ஒற்றன் மகளைக் கட்டுதேன்னு கொழும்பு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க கடையில வாராவாரம் வாசிச்சுக் காட்டுவோம். அவன் வெள்ளத்துல ஆத்தைத் தாண்டுன வாரம் கடையில ஒருத்தரும் சாப்பிடலை...

வைகுண்டராஜ்: நெசமாவா? ஒருத்தருமா?

பீர் மைதீன்: அண்ணாச்சி, மனசை இளக விட்டுறாதீரும்... அதாவது, எங்களைக் கைவிட்டுறாதீரும்.

வைகுண்டராஜ்: இல்ல... இல்ல. முடியாது. எழுதினது எழுதினதுதான். கண்ணைத் துடைக்காதீரும் கபீரே, சாயம் உள்ள போகுது.

கபீர்: அப்ப முடிவாயிருச்சு... மாமா, உங்க மௌத்துக்கு என்னால இருக்க முடியாது. கப்பல்.

பீர் மைதீன்: இருக்கட்டும் மாப்பிள்ளை. நீங்க நெனச்சதே பெருசு.

கபீர்: மாமிக்கு ஆறுதல் சொல்லிருங்க.

பீர் மைதீன்: நானே பக்கத்துல இருந்து சொல்லிருதேன்.

கபீர்: நல்ல மனுசன் மாமா நீங்க. காரியமெல்லாம் குறையில்லாம நடக்கட்டும். வாரேன்... அம்மாகிட்டச் சேதியைச் சொல்லணும்.

வைகுண்டராஜ்: ...போயிட்டாரா?

பீர் மைதீன்: வண்டி தெருமுக்குத் திரும்புது... திரும்பிருச்சு. அல்லா! எனக்கு வேர்த்துக் கொட்டிருச்சு.

வைகுண்டராஜ்: மெழுகுவர்த்தியைப் பொருத்தும். அத்தியாயத்து உறைக்கு முத்திரை வைக்க அரக்கை உருக்கணும். தபால் ஓட்டக்காரன் சோணைமுத்து பையோட சாத்தூர் ரயிலுக்கு ஓட இதான் நேரம்.

பீர் மைதீன்: பாவம்யா அவரு. அழுதாரு பாத்தீரா? ஆனா நான் என்ன செய்ய? தரகன் எழுதின வயசை நம்பி வாக்குக் குடுத்துட்டேன். ஆளு வந்து இறங்கவும், சம்பந்திதான் வாராவன்னு எந்திரிச்சு சலாம் வச்சேன். அவரு என் காலைத் தொட்டு ‘மாமா’ங்காரு! இருபது வயசுப் பிள்ளையை எப்படி... ஆனா குடுத்த வாக்கை என் வாயால இல்லன்னு சொன்னா, பொறவு எவன் என்னைய நம்பிப் பஞ்சைப் போடுவான்?

வைகுண்டராஜ்: அதான் உமக்காக ஒருத்தன் செத்துக் குடுத்தான்ல. ஒட்டும், நல்லா அமுக்கும்.

பீர் மைதீன்: அது சரி. ஒரு குண்டு, தோள்ல, செத்துட்டான்னு போட்டுட்டுப் போயிருவாவ, நாப்பது கழிச்சு எந்திரிச்சு வருவான். இதுதானே நம்ம பேச்சு? நடுவுல ‘நெஞ்சுல மூணு’ன்னீரே!

வைகுண்டராஜ்: விரலை எடும், சுடும்... ஏலே சோணைமுத்து! நில்லு, இந்தா, பத்திரமா கொண்டு போ. ஓடு.

பீர் மைதீன்: குடுத்துட்டீரா? கேட்டதுக்குப் பதில் எங்க? இனி நான் எப்படி எந்திரிக்க? யாரு அதை மூணாக்கினது?

வைகுண்டராஜ்: நான் எழுதினது ஒண்ணுதான் ராவுத்தரே, தோள்லதான். நேத்து கல்யாணச் சேலை எடுக்க உம்ம வீட்டம்மாகூட வந்த பொண்ணு அசீனா, இங்க எட்டிப் பாத்தா. நின்ன இடத்துலயே அத்தியாயத்தை வாசிச்சா. ‘எங்கத்தா ஒரு குண்டுக்கெல்லாம் சாக மாட்டாவ. எந்திரிச்சு வந்து இன்னொருத்தனுக்கு வாக்குக் குடுத்துருவாவ. பேனாவை இப்படிக் குடுங்க’ன்னா... தோளை அடிச்சு நெஞ்சுன்னு திருத்தி, மத்த ரெண்டையும் உம்ம மகதான் சுட்டா.