லியாவ் போட்ட தடம்

மாலை நாலே முக்கால். ஆற்றோரச் சாலை. கல்லறைத் துப்புரவு நாள் முடிந்து ஆறாவது நாள். ஏப்ரல் மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அந்தச் சாலையில் அந்த நேரத்துக்கு ஒரு கார், ஒரு ஸ்கூட்டர், இரண்டு பேர்... அவ்வளவுதான்.

காரில் சாய்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தவன் லியாவ் ஜின்-ஃபா. தைபேயில் கூரை ஓடு விற்கிறவன். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தது என் சிநேகிதி யூ-லான், அவனுடைய மச்சினி. அவள் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். அவளுக்குக் கதை கட்டத் தெரியாது, பாவம். கடையில் மீன் வாங்கின விலையைக்கூட மாற்றிச் சொல்ல வராது அவளுக்கு.

மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கண் கூசுகிறது. யென், நீ சிரிக்காதே. நாளைக்குத் தடம் போடப் போவது நீதானே? பதினாறு கிலோமீட்டர், பாதிப் பேர் அழப் போகிறார்கள் என்று சாயங்காலத்திலிருந்து பீற்றிக்கொள்கிறாய். உனக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

"சும்மா சொன்னேங்க்கா."

"அவனும் சும்மாதான்டா சொன்னான்."

நம் ஓட்டச் சங்கங்களில் நடப்பது என்ன பெரிய வித்தையா? காலையில் ஒருத்தன் காட்டுக்குள் தாள் துண்டுகளைப் போட்டுக்கொண்டே போவான். மதியம் மற்றவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து ஓடி, அவன் முடித்த இடத்துக்கு வந்து சூப் குடிப்பார்கள். கோழிக்குத் தவிடு தூவுகிற வேலை. இதற்குப் போய் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான் லியாவ். மெதுவாக வருகிறவர்களைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். அதிலும் கடைசியாக வருகிறவள் அவன் பெண்டாட்டி பௌ-குய். முப்பது பேர் எதிரில் அவளை 'எங்க வீட்டு ஆமை' என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தவர்களும் அவனும் ஒரே குப்பைதான் என்பது என் கருத்து.

அன்றைக்கு அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதுவரை யாரும் போடாத தடத்தைப் போடுகிறேன் என்று கிளம்பினான். தொங்கு பாலம், மூங்கில் காடு, கயிற்றைப் பிடித்து ஏறுகிற பாறை, அதற்கு மேல் மலை முகடு. முகட்டில் பையைத் துழாவினால்... தாள் தீர்ந்துவிட்டது. இன்னும் மூன்றில் ஒரு பங்கு வழி பாக்கி. புத்தி உள்ளவன் கீழே போய் எடுத்து வருவான். போனால் இரண்டு மணி நேரம் ஆகும். லியாவ் தாள் பற்றாமல் திரும்பி வந்தான் என்று பேச்சு வரும். அதை எப்படித் தாங்குவான் மகாராஜா?

முகட்டில் பழைய கல்லறைகள் இருபதோ என்னவோ இருந்தன. அந்த வாரம்தான் பிள்ளைகள் வந்து புல் பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் தாள், பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்.

"ஐயோ, எடுத்துட்டானா?" என்றது இருட்டில் ஒரு குரல்.

எடுத்தான். ஒன்று விடாமல் எடுத்தான். செத்தவர்கள் வீட்டுக்குக் கூரை மாற்றிப் போடுகிற தாள் அது. இந்த வீட்டுக்கு ஆள் இருக்கிறது, பிள்ளைகள் வந்துவிட்டுப் போனார்கள் என்பதற்கு அடையாளம். தாள் இல்லாத கல்லறை அநாதைக் கல்லறை. ஊருக்கெல்லாம் ஓடு விற்கிறவன், போயும் போயும் இருபது கூரையைப் பிய்த்துக் கிழித்துத் தூவிக்கொண்டே மலை இறங்கினான். கடைசித் தாளைக் கிழிக்கவில்லை. முழுசாகத் தன் கார் முகப்பில் விரித்து, ஆற்றுக் கல் ஒன்றை மேலே வைத்தான். தடம் இங்கே முடிகிறது என்று அர்த்தமாம்.

மதியம் முப்பது பேர் ஓடினார்கள். மஞ்சள் தாளை ஒருத்தராவது குனிந்து பார்த்தாரா? வேகமாக ஓடுகிற பெருமக்களுக்குக் கைக்கடிகாரத்தைத் தவிர எதுவும் கண்ணில் படாது. மிதித்துக்கொண்டு வந்தார்கள், சூப் குடித்தார்கள், போய்விட்டார்கள். யூ-லான் மட்டும் அக்காவுக்காக நின்றாள்.

பௌ-குய் நாலே முக்காலுக்கு வந்தாள். முழங்கால் வரை செம்மண். நகக்கண்ணெல்லாம் மண்.

"என்ன ஆமை, முட்டை போட்டுட்டு வர்றியா?" என்றான் லியாவ்.

அவள் சிரிக்கவில்லை. "எல்லாத் துண்டையும் பொறுக்கிட்டேன். திரும்ப மேல ஏறி, சேத்துச் சேத்துப் பார்த்து, எது எதுன்னு தெரிஞ்ச வரைக்கும் வச்சுட்டு வர்றேன். ஒண்ணு மட்டும் குறையுதுங்க. ஓரத்துல சின்னதா ஒரு கல்லறை இருக்குல்ல... ஒரு அம்மாவோடது. கல்லுல ரெண்டு மகனுங்க பேரு இருக்கு. அந்தத் தாள் எங்க?"

சொல்லும்போதே அவள் பார்வை கார் முகப்புக்குப் போய்விட்டது.

"குடுங்க. இருட்டுறதுக்குள்ள வச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"நீயா? ஓடி வரப் போற?"

"விளையாடாதீங்க. வெறுங்கல்லறையா விட்டா அந்தம்மா நம்மளத் தேடிக்கிட்டு வரும்ங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிடும்ங்க."

லியாவ் கல்லைத் தூக்கி எறிந்தான். தாளைக் கையில் எடுத்தான். மென்றுகொண்டிருந்த பாக்கைச் சாறோடு அதில் துப்பினான். கசக்கினான்... ஆற்றில் போட்டான். யூ-லானுக்கு 'ப்ளக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது. சிவப்பாக ஏதோ கரைந்துகொண்டே போனது.

"வந்தா வரட்டும்டி. பின்சீட் காலியாத்தான் இருக்கு. உட்கார வச்சு வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாக பௌ-குய் அவன் காரில் ஏற மாட்டேன் என்றாள். தங்கையின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தாள். அவன் என்னவோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. டப்.

இரண்டு மூச்சு விடுகிற நேரம்... இன்னொரு தடவை. டப்.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லையாம். பார்த்தால் கேட்டது நிஜமாகிவிடும் என்று பயம். வழி முழுக்க மழை. தைபே போய்ச் சேர ஏழே கால் ஆகிவிட்டது.

கார் அவர்களுக்கு முன்னாலேயே வந்து வீட்டு வாசலில் நின்றது. எத்தனை நேர்த்தியாக! லியாவ் அப்படி நேராக நிறுத்தியதே கிடையாது. எஞ்சின் அணைந்திருந்தது, இன்னும் சூடு. கண்ணாடியெல்லாம் உள்பக்கம் ஆவி பிடித்திருந்தது. பௌ-குய் கதவைத் திறந்தாள். ஈரச் செம்மண் வாசனை, பெட்டியில் வருஷக்கணக்காகப் பூட்டி வைத்த துணி வாசனை.

ஓட்டுகிற சீட்டில் ஆள் இல்லை. அந்தச் சீட்டு ஸ்டீயரிங் வரைக்கும் முன்னால் இழுத்துப் போடப்பட்டிருந்தது. ரொம்பக் குள்ளமான ஆள்தான் அதில் உட்கார முடியும்.

லியாவ் பின்சீட்டில் இருந்தான். பெல்ட் போட்டிருந்தது. சட்டை கழுத்து வரைக்கும் பித்தான் போட்டிருந்தது. இரண்டு கையும் மடியில். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு ஒரு பக்கமாக வகிடு எடுத்து வாரியிருந்தது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளைக்கு வாரிவிடுகிற மாதிரி. பாக்குச் சிவப்பு எப்போதும் ஒட்டியிருக்கிற வாய்... சுத்தமாகத் துடைத்திருந்தது.

"செத்துட்டானா?" என்கிறான் யென்.

எதற்குச் சாகிறான்? நன்றாக இருக்கிறான், ஓடு விற்கிறான். பாக்கை விட்டுவிட்டான். யாரையும் ஆமை என்பதில்லை. பேச்சே குறைவு. உலகத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

மறு வருஷம் கல்லறை நாளில் அக்காவும் தங்கையும் புதுத் தாள் வாங்கிக்கொண்டு மலை ஏறினார்கள். கூப்பிடாமலே அவனும் வந்தான். அவர்களுக்கு முன்னால் நடந்தான். ஓரத்துச் சின்னக் கல்லறைக்கு நேராகப் போய் மண்டியிட்டுப் புல் பிடுங்க ஆரம்பித்தான். பௌ-குய் கல்லைத் துடைத்தாள். அம்மாவின் பேர், கீழே மகன்கள் பேர். யூ ஆ-ஷுய். யூ ஆ-தூ. போன வருஷம் அவளே விரல் வைத்துப் படித்த இரண்டு பேர்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. யூ ஜின்-ஃபா.

முன்னால் வருகிற குடும்பப் பேர் லியாவ் இல்லை. யூ. புதிதாக வெட்டினது என்றால் கல் வெள்ளையாகத் தெரியும் இல்லையா? யூ-லான் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மூன்று பேரின் எழுத்துப் பள்ளத்திலும் பாசி ஒரே அளவுக்குக் கெட்டியாகப் பிடித்திருந்தது.

"அக்கா, சும்மா பயம் காட்டாதீங்க. அந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?" என்கிறான் யென்.

அவனா? எங்கே போய்விடப் போகிறான். அவன் சங்கத்தில் இன்னும் ஓடுகிறான். ஓடுகிறான் என்ன, நடக்கிறான். எல்லாருக்கும் கடைசியாக, பௌ-குய்க்கும் பின்னால், இடது கையைக் கொஞ்சம் தாழ்த்தி நீட்டிக்கொண்டு வருவான். ஏன் இத்தனை மெதுவாக வருகிறாய் என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான்.

"அம்மாவுக்கு மூட்டு வலி. வேகமா வர முடியாது."

லியாவைப் பெற்றவள் தைச்சுங்கில் மூத்த மகன் வீட்டில் இருக்கிறாள். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவாள்.

சரி, போய்ப் படுங்கள். நாளை மதியம் பக்கத்துச் சங்கத்துக்காரர்கள் நம்மோடு சேர்ந்து ஓட வருகிறார்கள், அது லியாவின் சங்கம்தான். யென், தாளை நிறைய எடுத்துக்கொண்டு போ. அப்புறம், சூப் ஊற்றுகிறவர்கள் யாரடா? எல்லாரும் குடித்து முடித்ததும் பானையைக் கவிழ்த்துவிடாதீர்கள். கடைசியாக வருகிறவனுக்கு ஒரு கிண்ணம் மூடி வையுங்கள். பக்கத்தில் இன்னொரு கிண்ணம், உப்புக் குறைவாக. போன மாதம் அவன் கேட்டு வாங்கிப் போய் மரத்தடியில் வைத்தான். திரும்பி வந்தபோது இரண்டு கிண்ணமும் காலி.