நாலு எலுமிச்சம்பழமும் புது நடைபாதையும்

சிவாஜிநகர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர், "நாலே எலுமிச்சம்பழம்தான்க்கா, ஒரு பைக்கும் ஏறல" என்றதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எதுல ஏறல?"

"எங்க மர்பி டவுன்ல புதுசா ஃபுட்பாத் போட்டாங்கல்ல, ஜாம் ஆனா பைக்காரனுங்க அதுமேலதான் வருவானுங்க. விடியகாலைல பழத்த அறுத்து, குங்குமம் தடவி வரிசையா வெச்சேன். பாத்ததும் ரோட்டுக்கே திரும்பிட்டானுங்க."

"பரவால்லையே! இனி ஜனங்க நிம்மதியா நடக்கலாம்."

"எங்க நடக்குறாங்க? அவங்களும் பயந்துக்கிட்டு ரோட்டுலதான் போறாங்க."

"நீ?"

"நானும்தான்."

"வெச்சவ நீதானே, எடுத்துப் போட்டுடு."

"ஐயையோ! குங்குமம் தடவி வழியில வெச்ச பழத்த யாராச்சும் தொடுவாங்களாக்கா?"