பதினான்காம் எண் ஓடிய ஓட்டம்

எனது பெயர் நிலா. வயது 17. தகப்பனார் பெயர் பீமாராவ். சொந்த ஊர் தொண்டூர். செஞ்சியில் உள்ள அரசு விளையாட்டுப் பள்ளியின் விடுதியில் தங்கி பன்னிரண்டாம் வகுப்பு படித்து வருகிறேன். எனது பிரிவு நெடுந்தூர ஓட்டம். இன்று காலை முதல் காணாமல் போயிருக்கும் மங்கை, அனந்தபுரத்தைச் சேர்ந்தவள், என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுப்பவள். என் நைனா பக்கத்தில் இருக்க, போலீசாரிடம் நானாக விரும்பி இதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் வருடம் ஒரு முறை டிரையல் வைப்பார்கள். மூன்று கிலோமீட்டரைப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஓடாதவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும். போன வியாழக்கிழமை மங்கைக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அதைப் பயிற்சியாளர் ஷோபனா மேடத்திடம் சொல்ல மாட்டேன் என்றாள். “சொன்னா பேரையே அடிச்சிடுவாங்கடி. ஊருக்குப் போயிட்டா அப்புறம் இன்னா ஓட்டம்?” என்று அழுதாள். “நான் ஓடுறேன், நீ வாய மூடு” என்று சொன்னது நான்தான். தனக்காக ஓடச் சொல்லி அவள் கேட்கவில்லை.

இன்று காலை செட்டிகுளத்தருகே நின்றோம். அங்கிருந்து பள்ளி மைதானம் வரை ஓட வேண்டும். மார்கழிப் பனியில் ராஜகிரி மலையையே காணவில்லை. மங்கை முதல் குழு, நான் இரண்டாம் குழு. 6.15 மணிக்கு ஷோபனா மேடம் விசில் ஊதியதும் மங்கை எல்லோருடனும் ஓடினாள். நான் முன்னாலேயே ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, முதல் வளைவில் பாறைக்குப் பின்னால் இருந்தேன். அவள் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அதன் பிறகு அவளுடைய 14 என்ற நெஞ்சு எண்ணை நான்கு ஊக்குகளோடு என் பனியனில் குத்திக்கொண்டு நான் ஓடினேன்.

ரோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. காலடிச் சத்தம் கேட்டது, அது யாருடையது என்று தெரியவில்லை. மலை ஒரு தடவை இடது பக்கம் வந்தது, அதன் பிறகு இல்லாமல் போனது. மூச்சு வாங்கவே இல்லை. மங்கைதான் ஓடுகிறாள், நான் அவளுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போகிறேன் என்பது போல இருந்தது. பள்ளி மைதானத்தில் வெளியூர் அதிகாரிகள்தான் நேரம் குறித்தார்கள். “பதினாலு, மங்கை” என்றார்கள். “ஆமா சார்” என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே வரவில்லை. 11 நிமிடம் 46 விநாடி.

அதன் பிறகு குறுக்கு வழியாகச் செட்டிகுளத்துக்குத் திரும்பி, 6.50 மணிக்கு என் பெயரில் ஓடினேன். பாறை மேல் மங்கையின் குல்லா மட்டும் கிடந்தது. பேசி வைத்தபடி ஆட்டோ பிடித்து மைதானத்துக்குக் கிளம்பிவிட்டாள், மறதிக் கழுதை, குல்லாவை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். இந்த முறை கால் கல்லாகக் கனத்தது. 12 நிமிடம் 7 விநாடி.

எட்டு மணிக்கு டிபனுக்குப் பெயர் கூப்பிட்டபோது மங்கை வரவில்லை. அவள் ஓடி முடித்ததாகத் தாளில் இருந்ததால் எல்லோரும் மைதானத்தைச் சுற்றியும் பஸ் ஸ்டாண்டிலும் தேடினார்கள். “எவன்கூட போச்சு?” என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு கேள்வியே தெரியாதா? ஆனால் நானும் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் பள்ளி போய்விடும் என்று பயந்தேன். அதன் பிறகு என் நைனாவுக்கு போன் செய்தேன். “ஸ்கூலு போனா போவுது, அந்தப் பொண்ணு போயிட்டா இன்னாம்மா பண்ணுவ?” என்றார். உடனே ஸ்டேஷனுக்கு வந்து, மங்கை மைதானத்துக்கு வரவேயில்லை, பாறைப் பக்கம் தேடுங்கள் என்றேன். “ஷோபனா மேடத்தோட ஸ்கூட்டி சத்தம் கேட்டா பாறை மேல ஏறி ஒளிஞ்சிக்கோ” என்று பிசகின காலோடு அவளை அனுப்பியதும் நான்தான். தேடும் ஆட்கள் கிளம்பி, நைனாவும் வந்து சேர்ந்த பிறகுதான் இதை எழுதத் தொடங்கினார்கள்.

இதுவரை எழுதிக்கொண்டிருக்கும்போது, 11.10 மணிக்கு, உதவி ஆய்வாளர் மேடத்துக்கு போன் வந்தது. மங்கை இரண்டு பாறைகளுக்கு நடுவில் விழுந்து கிடந்திருக்கிறாள். கால் உடைந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை. போனில் பேசிய போலீஸ்காரர் சிரித்தது எனக்கும் கேட்டது. “தண்ணி குடுத்தேன் மேடம். அத வாங்கிக்காம, ‘என் டைம் இன்னா’ன்னு கேக்குது.”

நான் அழுதேன். “பதினொண்ணு நாப்பத்தாறுன்னு சொல்லிடுங்க மேடம். மீதிய நானே போய் அவகிட்ட சொல்லிக்கிறேன்” என்றேன்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை. என் பெயரிலேயே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பீ. நிலா