இயந்திரத்திடம் பேசியவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த மார்லிஸ் ஹவ்ரானெக் அவர்களுக்கு

எங்கள் அன்புக்கும், ஒளிக்காமல் சொன்னால் கொஞ்சம் அச்சத்துக்கும் உரியவரே. ஒமாஹா எல்க்ஃபோர்க் அழைப்புச் சேவையின் சட்டக் காவலரே. "இந்த அழைப்பு போகலாம்" என்று நீங்கள் தலையசைக்கும்வரை ஒரு மணியும் ஒலிக்காது என்ற நிலையை இந்தக் கட்டடத்தில் உண்டாக்கியவரே, வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுப் பணியை முடித்து இன்று விடைபெறுகிறீர்கள். இத்தகைய மடல்களில் விடைபெறுபவரின் குணங்களை அடுக்கிச் சொல்வது வழக்கம். அடுக்க முயன்றோம். பொறுமை என்று எழுதினோம். புதிய வாடிக்கையாளர் நிறுவனங்களிடம் நீங்கள் பேசியது நினைவுக்கு வந்ததும் அதை அடித்துவிட்டோம். இனிமை என்பதும் அப்படியே போயிற்று. அடிக்க முடியாமல் மிஞ்சிய குணம் ஒன்றுதான்: நீங்கள் கேட்பீர்கள். ஆகவே அதைப் பற்றி மட்டும் இந்த மடலில் பேசுகிறோம்.

நம் இயந்திரம் ஒரு நாளில் அழைக்கும் வீடுகளை நாம் யாரும் ஆயுள் முழுக்க நடந்தாலும் சென்று பார்க்க முடியாது. மருந்து தயார், பல் மருத்துவரைப் பார்க்கும் நாள் நெருங்குகிறது, டயர் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பதிவு செய்த குரல் சொல்லிக்கொண்டே போகும். "இனி அழைக்க வேண்டாம் என்றால் ஒன்பதை அழுத்துங்கள்" என்று சொல்லிவிட்டு இயந்திரம் சில நொடிகள் காத்திருக்கும். மற்றவர்களுக்கு அது வெற்று இடைவெளி. உங்களுக்கோ, மறுமுனையில் இருப்பவர் பேசும் ஒரே நேரம் அது. ஒவ்வொரு நண்பகலும் ஒரு கையில் இறைச்சி அடைத்த ரன்சா ரொட்டியை வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனோடு, அந்த இடைவெளிகளைக் கேட்பீர்கள். குழந்தையை அதட்டும் தாய், டிவியைக் குறைக்கச் சொல்லும் கணவன், இயந்திரத்துக்கு நன்றி சொல்லும் முதியவர், நம் ஏழு தலைமுறையையும் வாழ்த்தும் இன்னொருவர்.

"என்ன மார்லிஸ், இன்னைக்கு யாரத் திட்டுனாங்க?" என்று அழைப்புக் கூடத்திலிருந்து யாராவது கேட்பார்கள்.

"உன்னையத்தான். மெஷின திட்டுறதா நெனச்சுக்கிட்டு உன்னையத்தான் திட்டுறாங்க."

இதை வேடிக்கை என்றே நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம், சில ஆண்டுகளுக்கு முன் அந்த மார்ச் மாதம் வரும்வரை. அன்று நடந்ததை இந்த மடலில் எழுதலாமா என்று டெரெல் விட்லாக்கிடம் கேட்டோம். "எழுதுங்க, ஆனா என்னைய நல்லவனாக்கிடாதீங்க" என்றார். அவர் சொல்லைக் காப்பாற்ற முயல்கிறோம்.

டெரெல் அப்போது அழைப்புக் கூடத்தின் தலைவர். ஒரு புதிய அழைப்பு வரிசை தொடங்கும்போது குரல் தெளிவாகப் போகிறதா என்று பார்க்க, கூடத்தில் வேலை செய்பவர்கள் தங்கள் வீட்டாரின் எண்களைச் சோதனைக்கு முதலில் சேர்ப்பது நம் பழக்கம். அம்மாக்களும் மாமியார்களும் நம் நிறுவனத்தின் எல்லா அழைப்புகளையும் கேட்டுச் சலித்திருந்தார்கள். டெரெல் தன் அக்கா ஜனெல்லின் எண்ணைக் கொடுத்திருந்தார். அக்கா பின்னர் விசிட்டாவுக்குக் குடிபோனாள். பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வாங்கினாள். புதிய எண்ணை டெரெல் தன் கைபேசியில் பதிந்துகொண்டார். பழையதைச் சோதனையிலிருந்து எடுக்க மறந்தார். தொலைபேசி நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

ஒரு நண்பகலில் நீங்கள் டெரெலின் மேசைக்கு வந்தீர்கள். உங்கள் ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினீர்கள். அதில் பதிவுகள் ஓடிக்கொண்டிருந்தன: மருந்துக் கடையின் அழைப்பு ஒன்று முடிந்தது, இடைவெளியில் ஒரு ஆண் குரல், "நிறுத்துங்க. நான் வேற போனுக்காக காத்துக்கிட்டிருக்கேன்" என்றது. ஒன்பது அழுத்தும் ஒலி கேட்டது. உங்கள் விருப்பம் பதிவாகிவிட்டது, நன்றி என்றது இயந்திரம். அடுத்தது பல் மருத்துவரின் அழைப்பு. அதே குரல், அதே சொற்கள், கொஞ்சம் களைப்பு கூடியிருந்தது. மறுபடியும் ஒன்பது, மறுபடியும் நன்றி. பிறகு டயர் கடை. இம்முறை அந்த மனிதர் பேசவில்லை. மூச்சு வாங்கும் ஓசை மட்டும் கேட்டது, பிறகு ஒன்பது.

"மூணு கடைக்கும் ஒரே ஆளு சம்மதம் குடுத்திருக்கலாம். நிறுத்துன்னு சொன்னப்புறமும் மூணும் போயிருக்கு பாரு, அதுதான் எனக்கு ஒதைக்குது. இது யாரு நம்பர்?" என்று கேட்டீர்கள்.

டெரெல் திரையில் எண்ணைப் பார்த்தார். "எங்க அக்கா நம்பர்."

"உங்க அக்கா எப்போ ஆம்பளையானா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். டெரெல் சிரிக்கவில்லை. அக்கா எண்ணை மாற்றியது அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. சோதனை எண்கள் நம் வீட்டு எண்கள்தானே என்று அவற்றை, ஒன்பதை அழுத்தியவர்களின் எண்கள் அடங்கிய நிறுத்தப் பட்டியலோடு ஒப்பிடாமலே இயந்திரம் அழைத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதர் எத்தனை முறை ஒன்பதை அழுத்தினாலும், நாம் தொடங்கிய ஒவ்வொரு அழைப்பு வரிசையிலும் முதல் மணி அவர் வீட்டில்தான் ஒலித்திருக்கிறது.

சம்மதம் ஆளுக்கு உரியது, எண்ணுக்கு அல்ல என்று ஒவ்வொரு புதிய ஊழியருக்கும் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். நிறுத்து என்று ஒருவர் எந்த வார்த்தையில் சொன்னாலும் அது நிறுத்துதான், அதன் பிறகு போகும் ஒவ்வொரு அழைப்பும் தனித்தனிக் குற்றம், தெரிந்தே செய்தால் இழப்பீடு பன்மடங்காகும் என்பதையும் சொல்லியிருக்கிறீர்கள். டெரெலுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததுதான் அவரை அன்று நாற்காலியிலிருந்து எழவிடாமல் செய்தது. வேலை போய்விடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கோடையில் அவருடைய இரண்டாவது மகள் பிறக்க இருந்தாள்.

உரிமையாளர் ரஸ் லிண்ட்குவிஸ்டின் அறையில் மறுநாள் கூடினோம். டெரெலை வெளியே நிற்க வைத்தார்கள். கதவு சரியாக மூடவில்லை. அவருக்கு எல்லாமே கேட்டது. நிறுவனத்தின் வெளி வக்கீல் தொலைபேசியில் இருந்தார்.

"நம்பர எடுத்துடுங்க, அவ்ளோதான்," என்றார் வக்கீல். "அவரா வந்து கேட்டா அப்ப பாத்துக்கலாம். நாமளா போய் சொல்றது, கழுத்த நீட்டி கையில கத்தியும் குடுக்குற மாதிரி."

ரஸ் பெருமூச்சு விட்டார். "அந்தப் பையன அனுப்பிடலாம். ஒரு ஆளோட தப்புன்னு முடிஞ்சிடும்."

நீங்கள் உங்கள் குறிப்பேட்டை மேசையில் வைத்தீர்கள்.

"அவர் ஒன்பது அழுத்துனாரு. நாம நன்றின்னு சொன்னோம். சொல்லிட்டு திரும்ப கூப்பிட்டோம்," என்றீர்கள். "இன்னைக்கு நாமளா சொன்னா அது தப்பு. மூடி வச்சு நாளைக்கு வெளிய வந்தா அதுக்கு வேற பேரு. அப்புறம் ரஸ், சோதனை நம்பரெல்லாம் பட்டியலோட பாக்க வேணாம்னு போட்ட ஏற்பாட்டுல என் கையெழுத்தும் இருக்கு. டெரெல அனுப்புறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்பணும்."

"நீங்க வேற, மார்லிஸ்."

"இன்னும் முடிக்கல. அவன அனுப்பிட்டீங்கன்னா, அடுத்த தடவ இந்த மாதிரி ஒண்ண கண்டுபிடிக்கிறவன் எங்கிட்ட வந்து சொல்லுவானா? பேசாம அழிச்சிட்டு வீட்டுக்குப் போவான். நமக்கு அதவிட பெரிய ஆபத்து என்ன இருக்கு?"

வக்கீல் ஏதோ சொல்லத் தொடங்கினார். ரஸ் தொலைபேசியை அணைத்துவிட்டார். "யாரு கூப்பிடுறது?" என்று மட்டும் கேட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு டெரெல் உள்ளே வந்தார். "நான் கூப்பிடுறேன்," என்றார்.

அந்த அழைப்பை இயந்திரம் போடவில்லை. ரஸின் மேசைத் தொலைபேசியில், எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைத் திறந்து, டெரெல் ஒவ்வோர் எண்ணாக விரலால் அழுத்தினார். ஒருமுறை தவறி, திரும்ப முதலிலிருந்து அழுத்தினார். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க, சொல்லுங்க." அதே குரல்.

"ஐயா, என் பேரு டெரெல் விட்லாக். ஒமாஹாவுல எல்க்ஃபோர்க்..."

"மெஷினா?"

"இல்லைங்க. மனுசன்தான்."

"அப்ப இரு. உக்காந்துக்கிறேன்."

ஃப்ரீமான்ட் ஊருக்கு வெளியே கொஞ்சம் மாடு வைத்திருக்கும் வெண்டல் ஸ்ட்ரோ என்பவர் அவர். டெரெல் நடந்ததையெல்லாம் சொன்னார். அக்காவின் எண், சோதனைப் பழக்கம், வீணாய்ப் போன ஒன்பதுகள். எதையும் சுற்றி வளைக்கவில்லை. தூரத்தில் ஒரு கன்று கத்தியது.

"தம்பி, நான் சிறுநீரகத்துக்குப் பேரு குடுத்து காத்திருக்கேன்," என்றார் ஸ்ட்ரோ. "எந்நேரமும் ஆஸ்பத்திரிலேருந்து கூப்பிடலாம், எடுக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னு சொல்லிருக்காங்க. குளிக்கப் போனாக்கூட இந்தக் கருமத்த தூக்கிட்டுத்தான் போறேன். உங்க டயருக்காக தொழுவத்துலேருந்து ஓடியாந்திருக்கேன், தெரியுமா? ஓடக்கூடாதுன்னு டாக்டர் சொன்ன ஆளு நான்."

"மன்னிச்சிருங்க ஐயா."

"நான் கேஸு போடலாம்ல?"

"போடலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்குன்னு சொல்லவுந்தான் கூப்பிட்டேன்."

டெரெல் கண்களை மூடிக்கொண்டிருந்தார். நீங்கள் அவரைப் பார்க்காமல், மேசைமேல் இருந்த ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"சரி, யோசிக்கிறேன்," என்றார் அந்த மனிதர். "நீ மொதல்ல போன வை. லைன அடைச்சுக்கிட்டு நிக்காத."

ஸ்ட்ரோ ஒரு வக்கீலை வைத்துச் சட்டப்படி தனக்கு உரியதைக் கேட்டார், நிறுவனம் கொடுத்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் விருந்து காபியோடும் கொலாச்சி பன்னோடும் முடிந்தது. அதற்காக யாரும் டெரெலிடம் முகம் சுளிக்கவில்லை என்று எழுத ஆசைதான், சிலர் சுளித்தோம். சோதனை எண்கள் அத்தனையும் நிறுத்தப் பட்டியலோடு ஒப்பிடப்பட்டன. கைமாறிய எண்கள் இன்னும் சில அகப்பட்டன. அவற்றில் ஒன்றை, யாரும் கேட்காமலே, கூடத்திலிருந்த ஒருவர் நேராக உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். அன்று நீங்கள் சிரித்தீர்கள். பார்த்தவர்கள் சாட்சி.

டெரெலை வேலையிலிருந்து நீக்கவில்லை. "நாளைலேருந்து நீ கூடத்துக்கு வேணாம், மார்லிஸ் ரூமுக்குப் போ," என்றார் ரஸ். அது தண்டனையா மன்னிப்பா என்று டெரெலுக்கு ஒரு வருடம் வரை தெரியவில்லையாம். அதே அறையில் உங்கள் எதிரே உட்கார்ந்து, இடைவெளிகளைக் கேட்கப் பழகினார். முதல் மாதங்களில் நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட சொற்களை விரல்விட்டு எண்ணலாம் என்பார்கள். பேச்சே தேவைப்படவில்லை என்கிறார் டெரெல்.

வெண்டல் ஸ்ட்ரோவுக்கு அவர் காத்திருந்த அழைப்பு வந்ததா என்று இங்கே பலர் உங்களிடம் கேட்டிருக்கிறோம். "எனக்கும் தெரியாது. கூப்பிட்டுக் கேக்கக்கூடாது," என்பீர்கள். அவர் எண் இன்று நிறுத்தப் பட்டியலில் இருக்கிறது. அவருக்காக நம்மால் செய்ய முடிவது அவரை அழைக்காமல் இருப்பது ஒன்றுதான். அந்த வீட்டில் இனி மணி ஒலித்தால், அது நாமாக இருக்காது. இதையும் ஒரு சேவையாக எண்ண எங்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்.

சென்ற வியாழக்கிழமை நடந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் சபை அறியட்டும். காது கேட்கும் கருவி விற்கும் ஒரு புதிய வாடிக்கையாளர், உடனே அழைப்புகளைத் தொடங்க வேண்டும் என்று நின்றார். இன்று இல்லையென்றால் வேறு நிறுவனம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். விளம்பர அழைப்புக்கு வாடிக்கையாளர்கள் எழுத்தில் தந்த சம்மதத்தைக் காட்டுங்கள் என்று டெரெல் கேட்டார். அப்புறம் அனுப்புகிறேன் என்றார் அவர். கூடமே டெரெலைப் பார்த்தது. டெரெல் உங்களைப் பார்த்தார். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி, டாட்ஜ் தெருவில் பெய்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"அப்ப அப்புறமே தொடங்கலாங்க," என்றார் டெரெல்.

வந்தவர் போய்விட்டார். வெள்ளிக்கிழமையும் அவர் வரவில்லை. திங்கட்கிழமை, சம்மதங்களோடு வந்தார். எதிர்பார்த்ததில் பாதிப் பேர்தான் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாதிப் பேருக்கு மட்டும் நாளை காலை அழைப்புகள் போகின்றன. அனுமதித்துக் கையெழுத்திட்டவர் டெரெல் விட்லாக். உங்கள் கையெழுத்து அதில் இல்லை, தேவைப்படவும் இல்லை.

அன்புள்ள மார்லிஸ் அவர்களே, நீடு வாழ்க, நலமே வாழ்க. ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதீர்கள். அதை நினைவூட்ட எங்கள் இயந்திரம் வராது, உங்கள் சம்மதம் எங்களிடம் இல்லை. உங்களோடு பேச ஆசைப்பட்டால் எங்களில் ஒருவர் விரலால் எண்களை அழுத்தி அழைப்போம். எடுப்பதும் எடுக்காததும் உங்கள் விருப்பம். எடுத்து, ஒன்றுமே பேசாமல் இருந்தாலும் சரி. கேட்டுக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
நாளை காலை உங்கள் தலையசைப்பு இல்லாமல் வேலையைத் தொடங்கவிருக்கும்,
எல்க்ஃபோர்க் அழைப்புச் சேவையின் ஊழியர்கள்,
ஒமாஹா, நெப்ராஸ்கா.