வெள்ளிக்கிழமை திறக்கும் அறை

1. செல்லம்மாவின் புருஷன் அவளோடு சண்டை போட்டு, கிழங்குத் தோட்டத்துப் பூச்சிமருந்தைக் குடித்தார்.
2. பதுளை ஆஸ்பத்திரியில் பிழைத்தார்.
3. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லா வீட்டுப் பூச்சிமருந்தையும் மாரியம்மன் கோயில் அறையில் பூட்டி, சாவியைப் பூசாரியிடம் கொடுத்தார்கள்.

வெலிமடை பஸ்ஸில், முன் இருக்கையில் செல்லம்மா பக்கத்துப் பெண்ணிடம் சொன்னதிலிருந்து இவ்வளவும் தெரிந்தது. மிச்சம் இது:

"ஞாயித்துக்கெழம மறுபடி கோவிச்சுக்கிட்டு நேரா கோயிலுக்குப் போனாருக்கா. நான் அழுதுகிட்டே பின்னால ஓடுனேன்."

"பூசாரி குடுத்துட்டாரா?"

"கெழங்குக்கு மருந்து அடிக்கணும்னு கேட்டாரு. வெள்ளிக்கெழமதான் அந்த அறைய தெறப்பேன், குளிச்சிட்டு தேங்கா பழத்தோட வாங்கன்னுட்டாரு பூசாரி."

"வெள்ளிக்கெழம போனாரா?"

"போனாரு. அர்ச்சன பண்ணிட்டு, பொங்கச்சோறு ரெண்டு தடவ வாங்கித் தின்னுட்டு வந்துட்டாரு. அஞ்சு நாளைக்கு யாருக்கா கோவத்த வச்சுக்கிட்டு இருப்பா?"

"அப்ப கெழங்கு?"

"பூச்சி தின்னுது. தின்னுட்டுப் போகட்டும். இன்னக்கி காலையில கொழம்புல உப்பு இல்லன்னு என்னைய என்னா ஏச்சு ஏசுனாரு தெரியுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஆக, கிழங்கில் பூச்சி இருக்கிறது. சாவி பூசாரியிடம் இருக்கிறது. புருஷன் வீட்டில் இருக்கிறார்.