ஏழு டிவியிலயும் யானை

இல்ல தாயி, நான் விளம்பரம் குடுக்க வரல. கீழ டைம் ஆபீசுலதான் சொன்னாக, மாடியில ஒரு பொண்ணு கம்ப்யூட்டர் வச்சிருக்கு, பஸ் ஸ்டாண்டு டிவி பூராம் அதுதான் ஓட்டுது, போய்க் கேளுன்னு. நீங்க சாப்புடுங்க. சாப்புட்டுக்கிட்டே கேளுங்க. கொஞ்சம் வெரசா சாப்புட்டா நல்லாருக்கும்.

என் தங்கச்சியக் காணோம். செவந்தி. இந்தா, போன்ல போட்டோ இருக்கு. நாப்பத்திரெண்டு வயசு. நரையப் பாக்காதீங்க, புத்தி ஆறு வயசுப் புள்ளைக்கு உள்ளதுதான். ஊரு ஆவுடையார்கோவிலுக்கு அங்கிட்டு. மஞ்ச சேலை கட்டியிருக்கா. முந்தானை நழுவாம ரெண்டு ஊக்கு குத்தி விட்டிருக்கேன்.

மைக்குல சொல்லியாச்சு தாயி, மூணு தடவை. மைக்கு சத்தம் அவ காதுல ஏறாது. அவளுக்கு எல்லாமே டிவிதான். நியூஸ் வாசிக்கிற பொண்ணு வணக்கம் சொன்னா இவளும் எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லுவா. கரண்டு போயி அந்த வணக்கத்த விட்டுட்டான்னா அன்னைக்கு சோறு திங்க மாட்டா. சிரிக்கிறீங்க. எங்க ஆத்தாவும் இப்புடித்தான் சிரிக்கும். ஆத்தா போயி எட்டு மாசம் ஆச்சு.

தப்பு எங்க நடந்துச்சுன்னா, காலையில ஒரு டிவிக்குக் கீழ அவள உக்கார வச்சேன். யானைக்குட்டி ஒண்ணு தண்ணி டேங்கு மேல ஏறி நிக்குமே, அந்த விளம்பரம் ஓடுச்சு. செவந்தி, யானைக்குக் கீழயே இரு, அண்ணன் டீ குடிச்சிட்டு வாரேன்னேன். வந்து பாத்தா எல்லா டிவியிலயும் யானை. ஒண்ணாவே ஏறுது, ஒண்ணாவே எறங்குது. எந்த யானைக்குக் கீழ உக்கார வச்சேன்னு எனக்கே தெரியல.

கொய்யாப்பழம் விக்கிற அம்மா பாத்துச்சாம். யானை போயி நகைக்கடை விளம்பரம் வந்ததும் இவ எந்திரிச்சு நின்னு தேடியிருக்கா. மறுபடி யானை வந்தப்ப எதுத்தாப்புல இருக்க டிவிதான் கண்ணுல பட்டிருக்கு. யானை அங்கிட்டுப் போயிருச்சுன்னு அங்க ஓடியிருக்கா. அப்புறம் அங்கேருந்து அடுத்தது. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் நின்னு கை தட்டுனாளாம். நான் சொன்னத அவ அப்புடியே கேட்டிருக்கா தாயி. யானைக்குக் கீழதான் நின்னிருக்கா.

இந்தச் சின்னப் பொட்டியா? கம்ப்யூட்டர்லேருந்து இதுக்கு ஒரு வயரு வருது, இங்கேருந்து ஏழு வயரா வெளிய போகுது. ஸ்ப்ளிட்டரா. சரி. அப்ப இதுல என்ன ஓடுதோ அதான் ஏழுலயும் ஓடும். சத்தமும் இதே வயர்லதான் போகுமா? அப்ப என்னையப் போடுங்க. என் மொகத்த. நான் பேசுனா ஏழும் பேசும்ல? அவ எந்த டிவிக்குக் கீழ நின்னாலும் அண்ணனப் பாத்துருவால்ல?

ஒங்க மொதலாளி கோபிநாத் சாரு திட்டுவாருன்னா போனப் போட்டுக் குடுங்க, நானே பேசறேன். கால்ல விழுந்துகூடக் கேக்கறேன். எடுக்கலையா? எடுக்குற வரைக்கும் காத்திருக்க முடியாது தாயி. பின் வாசல்ல ரோடு. லாரி போகுது. அவளுக்கு ரோட்டத் தாண்டத் தெரியாது, கையப் புடிச்சுத்தான் பழக்கம்.

ஒரு நிமிசம். இந்த வயர்ல மட்டும் ஏன் லைட்டு எரியல? பின் வாசல் டிவிக்குப் போறதா? அங்க நான் பாக்கலையே. இருட்டாக் கெடந்துச்சு, யானை இல்லாத எடத்துக்கு இவ ஏன் போகப் போறான்னு திரும்பிட்டேன். வயரு நீளம்னா சிக்னல் கொறையுமா? புடுங்கி மாட்டிப் பாருங்க தாயி. நான் பேசறது அங்க மட்டும் தெரியாமப் போயி, அவ அங்க நின்னான்னா? மாட்டுங்க. இன்னொரு தடவை. ஆ, எரியுது. எரியுது. நீங்க நல்லாருக்கணும்.

எத்தனை மணிக்கு விட்டேனா? ஒம்பதரை இருக்கும். இப்ப ஒன்றரையா? கடையில கூட்டம் தாயி. டீக்கு நின்னேன். அப்புறம் பாத்ரூம் போனேன்.

வீட்டுல வேற யாரும் இல்ல. நானும் அவளும்தான். சோறு ஊட்டிருவேன், தல சீவிருவேன். குளிப்பாட்ட, அந்த மூணு நாளு பாக்க, பொம்பளை ஆளு வேணும்ல. ராக்காயி சித்திதான் வந்து செஞ்சுச்சு. பொங்கலோட அதுவும் நின்னுருச்சு. அண்ணன்காரன் எப்புடிச் செய்வேன், சொல்லுங்க. கதவச் சாத்திக்கிட்டு அவ உள்ள அழுவா, நான் வெளிய.

போலீசுக்கா? போறேன். மொதல்ல இத ஓட்டிட்டுப் போறேன்.

நம்பரும் கீழ ஓடுமா? நல்லது. எழுதிக்கங்க. பேப்பரு, இந்தா சட்டைப் பையில கெடக்கு, இதுக்குப் பின்னாடி எழுதுங்க. தொண்ணூத்தி நாலு... என்ன தாயி? ஆமா, பஸ் டிக்கெட்டுதான். அறந்தாங்கி டிக்கெட்டு. இன்னைக்கு எடுத்ததுதான், ஒம்பதே முக்காலுக்கு.

ஒண்ணுதான்.

காலையில வரும்போது ரெண்டு எடுத்தேன். போகும்போது ஒண்ணு போதும்னுதான் அவளக் கூட்டியாந்ததே. அறந்தாங்கியில எறங்கி ஊருக்கு பஸ் ஏறப் போனேன். அங்கயும் ஒரு டிவி மாட்டியிருக்காக தாயி. அதே யானை ஏறி நிக்குது. அதுக்குக் கீழ பெஞ்சு காலியாக் கெடந்துச்சு. அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிட்டேன்.

என்னைய அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கறேன். இப்ப அந்தப் போனத் தூக்கிப் புடிங்க. மொகம் தெரியுதா? ஆரம்பிச்சுட்டீங்களா?

செவந்தி, அண்ணன் பேசறேன். யானைக்குக் கீழயே இரு. இந்தா வந்துருவேன்.

போதும் தாயி, ஓட்டுங்க. காலையிலயும் இதத்தான் சொன்னேன். அவ நம்புவா.