வலம்புரியின் புதிய விதி

எனக்கு மக்ரூன் பிடிக்காது. தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதைச் சொன்னால் ஒருமாதிரி பார்க்கிறார்கள். அதனால் கூட்டங்களில் தட்டு வந்தால் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன்.

நீங்கள் கேட்டது ஆன்டனியைப் பற்றி. சொல்கிறேன், சார்.

கருவாட்டு வியாபாரிகள் தங்களுக்குள் புழங்கும் 'வலம்புரி' என்ற கிரிப்டோ நாணயத்துக்கு மென்பொருள் எழுதியவள் நான். கடைக்கு ஒரு கம்ப்யூட்டர். பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் ஏற்பதுதான் விதி. தலைவர் கிடையாது என்பார்கள். ஆனால் இருப்பதிலேயே பெரிய வியாபாரியான செந்தூர்வேல் அண்ணாச்சி நான் அனுப்பும் அப்டேட்டைப் போட்டால் மற்றவர்களும் போட்டுவிடுவார்கள். யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை.

ஆன்டனி வாசித்தார். பெரியதாழைக்காரர், பழைய துறைமுகம் பக்கம் கடை. ஒரே நாணயத்தை இரண்டு தடவை செலவழிக்க முடிகிற பிழை என் கோடிங்கில் இருந்தது. தன் கணக்கிலிருந்து தனக்கே அனுப்பிச் சோதித்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

"ஏளா உமா, ஓட்டை இருக்கு. கோவப்படாத. கூட்டத்துல சொல்லி அடைச்சிருவோம்."

கூட்டத்தில். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அண்ணாச்சி மகன் பிழைவிட்டால் அது அனுபவம். நான் விட்டால், இதுகளுக்கெல்லாம் எதுக்குக் கம்ப்யூட்டர் என்பார்கள். உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுதுவேன், எழுந்து நடப்பேன், வந்து அடுத்த வரி.

பிழையை அடைத்தேன். கூடவே, ஆன்டனியின் கணக்கிலிருந்து வருவது எதுவும் செல்லாது என்று ஒரு விதி சேர்த்தேன். அவர் செய்த சோதனையை அண்ணாச்சியிடம் திருட்டு என்று காட்டினேன்.

"கூடவே உக்காந்து டீ குடிச்சிட்டு இப்படிப் பண்ணிட்டானே! போட்டுரு ளா."

மத்தியானத்துக்குள் எல்லாக் கடைகளும் மாறிவிட்டன.

ஆன்டனி நேரில் வந்தார். "எங்க ஊர்ல ஊர்விலக்கு வச்சா கடைக்காரன் உப்புகூடத் தரமாட்டான். எங்கப்பா பட்டவரு. அதையாளா மிஷின்ல எழுதிருக்க? டெல்பினுக்கு ஆபரேஷன். வச்சிருந்தது அவ்வளவும் அதுலதான் கெடக்கு."

டெல்பின் அவர் மனைவி. ஆபரேஷன் விஷயம் எனக்கு முன்பே தெரியும்.

"எல்லாரும் ஏத்துக்கிட்டாங்கண்ணே. நான் என்ன செய்ய?" என்றேன்.

எந்தக் கடையிலும் அவருக்குக் கைமாற்று கிடைக்கவில்லை. திருடன் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. ஆபரேஷன் தள்ளிப்போனது. டெல்பின் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த மறுநாள், அடுத்த அப்டேட்டில் அந்த விதியை எடுத்துவிட்டேன். அதையும் யாரும் வாசிக்கவில்லை. ஆன்டனியின் காசு அப்படியே இருக்கிறது, சார், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

என் கோடிங்கில் இருந்த பிழை ஒன்றுதான். அதை அன்றைக்கே அடைத்துவிட்டேன்.